கோவைப்பழ நிறம்

சுவிட்சைத் தட்டியதும் ஊதுமோட்டார் உறுமியது, கரிக்குவியலின் நடுவில் ஒரு புள்ளி சிவந்தது, சிவந்த மாதிரி இருந்தது, ஹில்டா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். இன்றோடு தெரிந்துவிடும். நைட்டிக்கு மேல் புருஷன் அருளப்பனின் பழைய காக்கிச் சட்டை, கையில் குறடு, குறட்டின் வாயில் மூன்றாவது கத்தி. கத்தி என்றால் அரிவாள்மணைக் கத்தி, லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து வெட்டி, காய்ச்சி, அடித்து, தட்டி, யானைத் துதிக்கை மாதிரி நுனி வளைத்து, மூன்று கத்திக்கும் சேர்த்துப் பதினொரு நாள் உழைப்பு. இனி ஒரே ஒரு வேலை பாக்கி, பதம் ஏற்ற வேண்டும், சரியான சிவப்பில் எடுத்து எண்ணெயில் இறக்க வேண்டும், அவ்வளவுதான், சொல்வதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. முதல் கத்தி எண்ணெயில் இறங்கும்போதே டிக்கென்றது, வீட்டுக்குள் கண்ணாடித் தம்ளர் விரிசல் விட்டால் கேட்குமே அந்தச் சத்தம். இரண்டாவது நல்ல பிள்ளையாக வெளியே வந்து, துடைத்து, அழகு பார்த்து, லேசாகத் தட்டியதும் இரண்டாகப் போயிற்று. இதுவும் உடைந்தால் கண்தான். வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அம்மாவுக்குக் கண் கோளாறு ஐம்பத்து மூன்றில் வந்தது, ஹில்டாவுக்கு வருகிற தை மாதம் ஐம்பத்து மூன்று, சர்க்கரை வந்து ஆறு வருஷம், கணக்கு சரியாகத்தான் போகிறது. அம்மாவுக்கு முதலில் நிறம்தான் போயிற்று. சிவப்புப் பட்டு ரவிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என் சிவப்பு ரவிக்கை எங்கே என்று தேடினாள், பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள், ஹில்டாதான் அதிகம் சிரித்தாள், அம்மாவும் கூடச் சிரித்தாள், அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வருஷம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று டாக்டர் சொன்னார். தெரிந்திருந்தும் நீ என்ன செய்கிறாய், ஹில்டா, உலை ஊதிக்கொண்டு நிற்கிறாய். நிற்கட்டும். ஆஸ்பத்திரியில் மருந்தை ஊற்றி ஒரு மணி நேரம் உட்காரவைத்து டாக்டர் சொல்கிறதை இந்த இரும்பு முதலில் சொல்லட்டும்.

கத்தியைக் கரிக்குள் நுழைத்து மேலே இன்னும் நாலு கரித்துண்டு அடுக்கினாள். சீமைக்கருவேலங்கரி, படபடவென்று பொறி பறக்கவிட்டது. இந்த வீட்டை வாங்கியபோது புறவாசலில் இந்தப் பட்டறை இடிந்த கோழிக்கூண்டு மாதிரி கிடந்தது. விற்றவர்கள் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட்டவர்கள், பிறகு கோயம்புத்தூரில் லேத்துப் பட்டறை வைத்து நன்றாக இருக்கிறார்கள், போகிற அவசரத்தில் உலையைத் தூக்கிக்கொண்டா போவார்கள். இடிச்சுட்டு கார் ஷெட் போட்டுருவோம் என்றார் அருளப்பன். இன்சூரன்ஸ் ஆபீஸில் முப்பது வருஷம் இருந்தவருக்கு எதைப் பார்த்தாலும் அதன் மேல் காரை நிறுத்தத் தோன்றும். இடிக்கிறதுக்கு முன்னால ஒருதடவ கழுவி விடுதேன் என்றாள் ஹில்டா, அழுக்காக இருக்கிற ஒன்றை அழுக்காகவே இடிக்க அவளால் முடியாது. கழுவக் கழுவ வந்துகொண்டே இருந்தது. மண்ணுக்குள் புதைந்து கிடந்த துணிதுவைக்கிற கல்லைத் தோண்டினால் அது கல்லே இல்லை, காய்ந்த இரும்பை வைத்து அடிக்கிற பட்டடை, நாலு ஆள் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. துருத்தியின் மூக்குக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. துருத்தித் தோல் மக்கிப் போயிருந்ததால் பழைய சோபாவின் ரெக்ஸினைக் கிழித்து ஒட்டினாள், ரெண்டு இழுப்பில் பல்லைக் காட்டியது, பிறகு மேளத்துக்குத் தோல் கட்டுகிறவரிடம் போய் ஆட்டுத்தோல் வாங்கி, கோணி ஊசியால் தானே தைத்தாள். தையல் நேராக இருந்தது. ஆனாலும் யார் உட்கார்ந்து இழுப்பது என்று மோட்டாரை மாட்டிவிட்டு, துருத்தியைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து ஓரமாக ஷோகேஸ் பொம்மை மாதிரி வைத்துவிட்டாள். சுவரில் மட்டும் மூன்று தலைமுறைக் கரி, விரலை வைத்தால் விரல் முழுகிப் போகும். இரும்பு பிரஷ் வைத்துத் தேய்த்து, சோப்புத்தூள் போட்டுக் கழுவி, ரெண்டு கோட்டு வெள்ளையடித்து, கூரையில் ஆறு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்து, ரெண்டு டியூப்லைட் போட்டு முடித்தபோது அருளப்பனே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இதுல கார நிறுத்த எனக்கே மனசு வராது ஹில்டா என்றார். கான்வென்ட் சிஸ்டர் பெனிக்னா பார்த்திருந்தால் ஒரு வெள்ளி நட்சத்திரம் ஒட்டியிருப்பார். நோட்டில் ஒரு மைப்பொட்டு விழுந்தால் பக்கம் முழுவதையும் கிழித்துப் போட்டு மறுபடி எழுதச் சொல்கிற சிஸ்டர், கையை நீட்டச் சொல்லி நகக்கண்ணைப் பார்ப்பார், இப்போது இந்த நகத்தைப் பார்த்தால் மயங்கி விழுவார், விழட்டும், ஆனால் சுவரைப் பார்த்தால் எழுந்துவிடுவார்.

கரி இப்போது எரிந்தது. கத்தி, கத்தி எப்படி இருக்கிறது. குறட்டால் லேசாக இழுத்துப் பார்த்தாள். மண் நிறம். தேக்குக் கதவு நிறம். சிவப்பு இல்லை. இரும்பு கோவைப்பழ நெறத்துக்கு வரணும்க்கா, அதுக்கு மேல ஒரு பொடி ஏறக்கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம், இது பேச்சி சொன்னது. திருச்செந்தூர் ரோட்டோரம் தார்ப்பாயை மூன்று பக்கமும் இறக்கிவிட்டுப் பட்டறை போட்டிருக்கிறாள் முத்துப்பேச்சி, புருஷன் குறடு பிடிக்க இவள் சம்மட்டி போடுவாள், அந்தக் கையைப் பார்த்துத்தான் ஹில்டாவுக்கு நாமும் அடித்தால் என்ன என்று தோன்றியதே. இந்த வெக்கையில் எதற்குடி மூடிக்கொண்டு வேலை பார்க்கிறீர்கள், பாயைத் தூக்கிக் கட்டினால் காற்றாவது வராதா என்று கேட்டதற்குப் பேச்சி சிரித்ததோடு சரி. ஒருநாள் வந்து பாரேன் என்று கூப்பிட்டதற்கு வந்தாள், செருப்பை வாசலிலேயே விட்டாள், உள்ளே ஒரு கால் வைத்துச் சுற்றிலும் பார்த்து, அம்மாடி, என்னக்கா, ஆஸ்பத்திரி மாதிரி வச்சிருக்கீய என்றாள். ஹில்டாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஒரு தட்டு முறுக்கு, டிகிரி காபி. பேச்சி கண்ணாடி ஓட்டை நிமிர்ந்து பார்த்தாள், முறுக்கைக் கடித்தாள், வெளியே அவள் புருஷன் வண்டி ஹாரனை அமுக்கினார், போய்விட்டாள். இரண்டாவது கத்தி உடைந்த அன்றைக்குப் போன் போட்டதும் பேச்சி கேட்டது ஒரே கேள்வி. உடஞ்ச வாய் எப்படி இருக்கு? ரவை ரவையா இருக்கு. அப்ப தீய விட்டுட்டீய, சூடு மீறிப் போச்சு, நெறத்தப் பாக்கலியாக்கா? பாத்தேனே. பாத்தா தெரியுமே. அந்த 'பாத்தா தெரியுமே' பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத்துண்டு மாதிரி நாலு நாளாக உள்ளே கிடந்து நெருடுகிறது, நாக்கு அங்கேயே போகிறது. பாத்தா தெரியுமே. பார்க்கத்தான் செய்தாள். மண் நிறம், தேக்கு நிறம், இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை, பிறகு திடீரென்று சிவப்பைத் தாண்டிப் பொன் மஞ்சளில் போய் நிற்கிறது, நடுவில் சிவப்பு எங்கே போயிற்று. ஊருக்கெல்லாம் தெரிகிற சிவப்பு, பேச்சிக்குத் தெரிகிற சிவப்பு. என் சிவப்பு ரவிக்கை எங்கே.

அதனால்தான் கண்ணை நம்பாமல் எண்ண ஆரம்பித்தாள். கான்வென்டில் படித்தவளுக்குக் கடிகாரம் எதற்கு, ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் நிதானமாகச் சொன்னால் பதினாறு வினாடி, இங்கிலீஷில் சொன்னால் பதினொன்று, முட்டை வேக முப்பது, இட்லிக்கு நாற்பது, கை பிடித்து எழுதச் சொல்லிக்கொடுத்த மாதிரி அவ்வளவு சுத்தம். இரும்புக்கு இருபத்தைந்து என்று முதலில் வைத்தாள், உடைந்தது, இருபது வைத்தாள், உடைந்தது. காந்தம் ஒட்டாமல் போனால் சூடு போதும் என்று யூடியூபில் ஒரு தாடிக்காரன் சொன்னான், வீட்டில் காந்தம் என்று இருந்தது பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா மட்டும்தான், மன்னித்துக்கொள் தாயே என்று எடுத்து வந்து நீட்டினாள், மாதாவின் நீலச் சேலை உருகிக் குறட்டில் ஒட்டிக்கொண்டது. அருளப்பனிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த மாதா பிடித்துக்கொண்டிருந்த கார்டும் அன்றைக்கே பிரிட்ஜுக்குப் பின்னால் விழுந்துவிட்டது, கண் ஆஸ்பத்திரிக் கார்டு, திங்கட்கிழமை காலை பத்தரை. விழுகிற சத்தம் கேட்டது. குனிந்து எடுக்கவில்லை. மூன்று வருஷமாக இப்படி ஏதாவது ஒரு கார்டு எங்காவது விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அம்மா கண் போன பிறகும் அரிவாள்மணையை விடவில்லை, ஒரு காலை மடக்கி உட்கார்ந்து பீன்ஸை விரலாலேயே தேடித் தேடி நறுக்குவாள், ஒரு நாள்கூட வெட்டுப்பட்டதில்லை, ஹில்டா அடுப்படியில் நின்றுகொண்டு தன் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். பத்தாவது மரியே. பதினொன்று. எத்தனை சொன்னோம். இந்த யோசனை ஒரு இடத்தில் நிற்காது, பால் அடுப்பில் இருக்கும்போது வாசலுக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருகிற புத்தி.

"ஹில்டா, மழ வரும்போல இருக்கு, துணிய எடுக்கவா?" கதவுக்கு வெளியிலிருந்து அருளப்பன். உள்ளே வருவதற்கு அவருக்கு இன்னும் பயம்.

"எடுக்கணும்னா எடுங்க. மனு போட்டுக்கிட்டு நிக்காதீங்க."

"உனக்கு காபி?"

"நான் இங்க வெந்துக்கிட்டு நிக்கேன், காபியாம்."

"கோவமா இருக்கியா, இல்ல சும்மா கேக்கேன், நேத்துலேருந்து ஒரு மாதிரி இருக்க."

"துணி நனைஞ்சிரும்."

அவர் போகிற செருப்புச் சத்தம் தேய்ந்தது. நல்ல மனுஷன், கேட்கிறான், முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான், பதில் சொல்லத்தான் இவளுக்கு வாய் வரவில்லை, மற்ற எல்லாவற்றுக்கும் வருகிறது. கண்ணாடி ஓட்டின் மேல் வெளிச்சம் மங்கியது, ஐப்பசி மேகம், நாகர்கோவில் பக்கமிருந்து ஏறி வருகிறது போல, காற்று வேப்பமரத்தை ஒரு உலுக்கு உலுக்கியது, இனிமேல் என்ன, ரெண்டு கிளை ஆடினால் போதும், கரண்டை நிறுத்திவிடுவார்கள், என்று நினைத்து முடிக்கவில்லை, டியூப்லைட் ரெண்டும் செத்தன, மோட்டார் இழுத்து இழுத்து முனகி ஓய்ந்தது. மழை ஓட்டின் மேல் ஒரேயடியாகக் கொட்டியது. பட்டறை இருட்டிவிட்டது, சாயங்காலம் மூன்றேமுக்காலுக்கு சினிமாக் கொட்டகை மாதிரி.

போயிற்று என்றாள். பாதிச் சூட்டில் கத்தி, காற்று இல்லாத உலை, இது ஆறும், ஆறினால் மறுபடி முதலிலிருந்து, மறுபடி இன்னொரு நாள், இன்னொரு நாள் என்றால் திங்கட்கிழமைக்கு முன்னால் நாளே இல்லை. யோசிக்கிறதுக்கு முன்னால் இடது கை துருத்தியின் பிடிக்குப் போய்விட்டது. மோட்டார்க் குழாயைக் காலால் உதைத்து விலக்கி, துருத்தி மூக்கை உலைவாயில் சொருகி, இழுத்தாள். தோல் மூச்சு வாங்கியது. அமுக்கினாள். ஹூம் என்றது, பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி. கரி விழித்துக்கொண்டது. மறுபடி இழுத்தாள், அமுக்கினாள், தோள்பட்டையில் ஒரு நரம்பு தனியாக எழுந்து நின்றது, ஆட்டுத்தோல் எங்கேயும் பல்லைக் காட்டவில்லை, கோணி ஊசித் தையல், என் தையல், இழு, அமுக்கு. மோட்டார் ஒரே கத்தாகக் கத்தும், இது அவள் மூச்சோடு போயிற்று, அவள் வேகமாக விட்டால் அதுவும் வேகமாக விட்டது. அப்போதுதான் உலைக்குள் பார்த்தாள். கரிக்கு நடுவில் அவளுடைய கத்தி கிடந்தது, நுனியிலிருந்து அடி வரைக்கும் முழுதாக, ஒரு விளிம்பு பாக்கியில்லாமல் தெரிந்தது, இருட்டில் யாரோ பேனாவால் வரைந்த மாதிரி. மண் நிறம் இல்லை, தேக்கு இல்லை. அடர்ந்த சிவப்பு, காய்ந்த ரத்தச் சிவப்பு. இழு, அமுக்கு. நறுக்கிய பீட்ரூட். எண்ணுகிறதை எந்த இடத்தில் விட்டாள் என்று தெரியவில்லை, மரியே, எத்தனையாவது மரியே, போகட்டும். அடிப்பக்கம் முந்திக்கொண்டு சிவந்தது, நுனி பிந்தியது, குறட்டால் நகர்த்தி நுனியைச் சூட்டுக்கு உள்ளே தள்ளினாள், முன்பெல்லாம் இதுகூடத் தெரிந்ததில்லை, கத்தி எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கும் என்று நினைத்திருந்தாள். சிவப்புக்கு உள்ளே ஒரு நிழல் ஓடியது. பயந்துபோனாள், கண்ணில்தான் ஏதோ மிதக்கிறது என்று, கண்ணைச் சிமிட்டினாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள், நிழல் கண்ணோடு வரவில்லை, கத்தியோடு இருந்தது, வயல் மேல் மேகம் போகிற மாதிரி இரும்புக்குள்ளேயே மெல்ல நகர்ந்து விளிம்புக்குப் போய், சுருங்கி, இல்லாமல் போயிற்று. போன இடத்தில் கத்தி முழுவதும் ஒரே நிறம். வேலியில் தொங்குகிற, அணில் கொத்துகிற, பள்ளிக்கூடம் போகிற வழியில் பறித்து உதட்டில் தேய்த்துக்கொண்டு சிஸ்டரிடம் அடி வாங்கிய, அந்த நிறம். கோவைப்பழம்.

எடுத்தாள். முறுக்குச் சுட்ட கடலையெண்ணெய், நாலு தீபாவளிச் சேமிப்பு, தகர டின்னில். கத்தி நேராக இறங்கியது, புஸ்ஸென்று ஒரு சுவாலை கிளம்பிப் பட்டறை முழுக்க முறுக்கு வாசனை அடித்தது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். டிக் வரவில்லை. மழைச் சத்தம்தான். இன்னும் நின்றாள், இத்தனை நேரம் எதற்கும் நின்று பழக்கமில்லாதவள், குக்கர் மூணாவது விசிலுக்கே பொறுக்காதவள். எண்ணெயிலிருந்து எடுத்து, துடைத்து, பட்டடையின் ஓரத்தில் வைத்து அரத்தை அதன் வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். அரம் கடிக்கவில்லை, கண்ணாடி மேல் போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. இன்னொரு இழுப்பு, வழுக்கியது, பதம் ஏறிவிட்டது. தட்டினாள், லேசாக, பிறகு கொஞ்சம் பலமாக, பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு. ணங் என்றது. முழுசாக இருந்தது. கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்தாள், அந்த இருட்டிலும் தன் இருப்பைக் காட்டிக்கொண்டு பல் இளித்தது வெள்ளைச் சுவர். நிமிர்ந்து கண்ணாடி ஓட்டைப் பார்த்தாள். பட்டப்பகலில் டார்ச் அடித்தால் தெரியுமா, இது தெரியாமல் போயிற்றே, நெருப்பின் நிறத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில் ஆறு கண்ணாடி ஓடும் ரெண்டு டியூப்லைட்டும் போட்டு, ரெண்டு கோட்டு வெள்ளையும் அடித்து, சிவப்பைத் தேடியிருக்கிறாள். அந்தக் கரிச் சுவர் அழுக்கில்லை. இரும்பு பிரஷ் வைத்துச் சுரண்டிச் சுரண்டிக் கழுவிச் சாக்கடையில் விட்டதுதான் இந்தப் பட்டறையின் கண். தார்ப்பாயை மூன்று பக்கமும் இறக்கி வைத்திருந்தாளே அந்தப் பேச்சி, படுபாவி.

போனை எடுத்தாள், விரல் எண்ணெயில் வழுக்கியது.

"பேச்சி, கத்தி நின்னுட்டு."

"அப்படியா, சந்தோசம்க்கா."

"கரண்டு போச்சு, இருட்டுல எடுத்தேன்." எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்தாள். "ஏட்டி, உனக்கு அன்னைக்கே தெரியும், என்ன. இந்த வெளிச்சத்துல ஒரு மண்ணும் தெரியாதுன்னு."

"தெரியும்க்கா."

"வாயத் தொறந்து சொன்னா என்ன?"

"அவ்வளவு ஆசையா வெள்ளையடிச்சு வச்சிருக்கீய, முறுக்கு வேற தந்தீய. எப்படிச் சொல்லுவேன்."

"முறுக்கத் தின்ன வாய்க்குச் சொல்லத் தெரியாதோ?"

"இனிமே சொல்லுதேன். கத்திய அப்படியே விட்றாதீய, லேசா வாட்டணும், இல்லன்னா நாளைக்குப் பீன்ஸு வெட்டுறப்போ உடஞ்சிரும்."

"அதுக்குக் கேக் சுடுற ஓவன் இருக்கு, எனக்குத் தெரியும்" என்று போனை வைத்தாள், சிரிப்பு வந்தது, சிரிப்போடு கூட வேறு என்னவோ வந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். கண் நன்றாக இருக்கிறது என்று இரும்பு சொல்லிவிடவில்லை. அதற்கு அவ்வளவு படிப்பு கிடையாது. கோவைப்பழத்தைக் காட்டினால் இவளுக்குத் தெரிகிறது என்று மட்டும் சொன்னது, அது போதும், பத்தரை மணிக்கு ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்து, இமையை விலக்கிக் கொடுக்க அது போதும். அம்மாவுக்கு இந்த அளவுகூட ஒருவரும் சொல்லவில்லை. எல்லாரும் சிரித்தார்கள்.

வாளியில் கரித்தூளை அள்ளிப் போட்டு, மழைத்தண்ணீர் பிடித்து, கையை விட்டுக் குழைத்தாள். தோசைமாவுப் பதம். உலைக்கு நேர் பின்னால் இருந்த சுவரில், சிஸ்டர் பெனிக்னா பார்த்து நட்சத்திரம் ஒட்டியிருக்கக்கூடிய அந்த வெள்ளையில், ஐந்து விரலையும் விரித்து ஒரு அப்பு அப்பினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு அதற்குப் பக்கத்தில், பிறகு அதற்கு மேலே, பிறகு கையை எடுக்காமலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். முழங்கை வழியாகக் கறுப்பு வழிந்து அருளப்பனின் காக்கிச் சட்டைக்குள் போயிற்று. கதவில் குடையோடு அவர் வந்து நின்றது தெரிந்தது, திரும்பவில்லை.

"என்ன செய்யுத, ஹில்டா?"

"சுத்தம் பண்ணுதேன்."

குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் பட்டடையின் மேல் கிடந்த கத்தியைப் பார்த்திருக்க வேண்டும். உடையலியே என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. பிறகு உள்ளே வந்தார், முதல் தடவையாகச் செருப்போடு.

"திங்கக்கிழமை பத்தரைக்குக் கண்ணாஸ்பத்திரி" என்றாள் சுவரிடம். "கார்டு பிரிட்ஜுக்குப் பின்னால விழுந்து கெடக்கு. கம்பிய விட்டு எடுங்க. நீங்களும் வரணும், மருந்து ஊத்தினா எனக்கு ரெண்டு மணி நேரத்துக்கு வழி தெரியாது."

"பிரிட்ஜுல மாதா இருந்துச்சே, அது எங்க?"

"அது பெரிய கத. வீட்டுக்கு வந்து சொல்லுதேன்."

அப்போது கரண்டு வந்தது. மோட்டார் காலடியில் கிடந்து வெறும் காற்றை ஊதியது, டியூப்லைட் ரெண்டு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு எரிந்தது, பாதிச் சுவர் கறுப்பும் பாதிச் சுவர் வெள்ளையுமாகப் பட்டறை பளீரென்று நின்றது, உலைக்குள் கிடந்த கங்கு வெறும் சாம்பலாகத் தெரிந்தது.

"அந்த லைட்ட அணைங்க" என்றாள்.